பாதியில் நின்ற முதல் ஒட்டுப்போர்வையை முடிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் வட்டாரங்களில் துண்டுத் துணிக்குப் பஞ்சமில்லை. ஆர்வத்தோடு குயில்ட் எனப்படும் ஒட்டுப்போர்வை தைக்கத் தொடங்கி, கட்டங்களை இணைத்து முடித்ததும் நிறுத்திவிட்டு, மூட்டையாகக் கட்டிப் பரணில் போட்டவர்களும் குறைவில்லை. அப்படி நின்றுபோன ஒட்டுப்போர்வையை மீண்டும் கையில் எடுப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தரப்பட்டுள்ளது. இப்பக்கத்தில் மேல்துணி என்பது துண்டுகளை இணைத்த மேலடுக்கையும், நடுப்பஞ்சு என்பது இடையில் வைக்கும் பஞ்சுத் தாளையும், அடித்துணி என்பது கீழடுக்கையும், அடுக்குத் தையல் என்பது இந்த மூன்றையும் சேர்த்துப் பிடிக்கும் தையலையும் குறிக்கும். அளவுகள் எல்லாம் தையல்காரர் கணக்கிலேயே உள்ளன. எட்டு நூல் ஓர் அங்குலம்.

கேள்வி: ஆண்டுக்கணக்கில் மூட்டையாகக் கிடந்ததை எடுத்தாயிற்று. எங்கிருந்து தொடங்குவது?

முழுவதையும் தரையில் விரித்து, வேலை எந்த இடத்தில் நின்றது என்பதை முதலில் பாருங்கள். ஒட்டுப்போர்வைகள் பெரும்பாலும் இரண்டு இடங்களில்தான் நிற்கின்றன. கட்டங்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் போன இடம் ஒன்று; மேல்துணி முடிந்து, அடுக்குத் தையல் போடப் பயந்து நின்ற இடம் மற்றொன்று. முதலாவது அளவுச் சிக்கல். அளவுகோலும் பொறுமையும் இருந்தால் தீரும். இரண்டாவது பழக்கமின்மை. அதற்கு உண்டான பழக்கத்தைப் போர்வையின் மீதே தேடாமல், அதே துணியும் அதே பஞ்சும் கொண்ட சிறு துண்டுகளில் தேட வேண்டும் என்பதே இப்பக்கம் முழுவதிலும் நாம் வலியுறுத்தும் கருத்து. நேரமில்லாததால் நின்றது என்று பலர் சொல்வதுண்டு. ஆனால் எடுத்து விரித்துப் பார்த்தால் அடுத்த படியை எப்படிச் செய்வது என்று தெரியாத இடத்தில்தான் அது நின்றிருக்கும்.

நின்ற இடம் தெரிந்ததும் மீதமுள்ள வேலைகளை வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். புதிய கட்டம் சேர்ப்பது, வடிவத்தை மாற்றுவது, பெரிதாக்குவது ஆகியவற்றுக்கு அந்தப் பட்டியலில் இடம் தர வேண்டாம்.

கேள்வி: மடிப்பு வரிகளும், மஞ்சள் கறையும், குண்டூசியின் துருவும் படிந்துள்ளன. மீட்க முடியுமா?

மடிப்பு வரி போய்விடும். மேல்துணியை இப்போதே மெஷினில் துவைத்தால் மூட்டுகளின் ஓரம் பிரிந்து நூலாக வரும். ஆகவே ஈரத்துணியால் ஒற்றியெடுத்து, பின்பக்கமாக இஸ்திரி போட்டால் போதும். இஸ்திரிப் பெட்டியை இழுத்துத் தேய்க்காமல் தூக்கித் தூக்கி வைக்க வேண்டும். இழுத்தால் கிராஸாக, அதாவது சாய்வாக, வெட்டிய துண்டுகள் நீண்டுவிடும். துருக்கறைக்கு எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவிச் சற்று நேரம் வைத்துக் குளிர்ந்த நீரில் அலசலாம். ஆனால் அது சாயத்தையும் மங்கச் செய்யக்கூடும் என்பதால் வெள்ளைத் துணியில் தாராளமாகவும், நிறத்துணியில் ஓரத்தில் சோதித்துப் பார்த்த பிறகும் செய்யுங்கள்.

முன்பு போட்ட குறிகளைக் கவனிப்பது இதைவிட முக்கியம். நீரில் கரையும் நீலப் பேனாவால் கோடு போட்டிருந்தால், இஸ்திரி போடுவதற்கு முன்பே குளிர்ந்த நீரால் அதைப் போக்கிவிட வேண்டும். சூடு பட்டால் அந்தக் கோடு நிலைத்துவிடும். சூட்டில் மறையும் பேனாவின் குணம் நேர்மாறானது. இஸ்திரியில் மறைந்த கோடு கடுங்குளிரில் மீண்டும் தோன்றக்கூடும். தையல்காரர் சாக்குக்கட்டியில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

கேள்வி: கட்டங்கள் ஒரே அளவில் இல்லை. எல்லாவற்றையும் பிரித்துத் தைக்க வேண்டுமா?

வேண்டாம். முதலில் வித்தியாசம் எவ்வளவு என்று அளந்து பாருங்கள். முடிந்த நிலையில் 12 அங்குலம் வர வேண்டிய கட்டம், தையல் ஓரமும் சேர்த்து இப்போது 12½ அங்குலம் இருக்க வேண்டும். ஒரு நூல் வரை கூடக்குறைய இருந்தால், பெரிய கட்டத்தை அடியில் வைத்துத் தைத்தால் போதும். துணியை நகர்த்தும் மெஷினின் பல், அடியில் உள்ள கட்டத்தைச் சற்றே கூட்டி இழுப்பதால் அந்த வித்தியாசம் தானாக மறையும். இரண்டு நூல் அளவுக்கு இருந்தால், எல்லாக் கட்டங்களையும் இருப்பதிலேயே சிறியதன் அளவுக்கு வெட்டிச் சமப்படுத்தலாம். ஓரத்தில் கூர்முனைகள் வரும் வடிவமாக இருந்தால் முனை அறுந்துபோகும் என்பதை மட்டும் நினைவில் கொள்ளுங்கள். அதற்கும் மேல் வித்தியாசம் இருந்தால் கட்டங்களுக்கு நடுவே ஒற்றை நிறப் பட்டைகளைக் கொடுத்து இணைப்பதே நல்ல தீர்வு. சிறிய கட்டத்துக்கு முதலில் நான்கு புறமும் மெல்லிய பட்டை வைத்துப் பெரிதாக்கி, பிறகு எல்லாவற்றையும் ஒரே அளவுக்கு வெட்டிக்கொள்ளலாம். பார்ப்பவருக்கு அது வேண்டுமென்றே செய்த வடிவமாகவே தெரியும்.

இந்தப் பிழை எப்படிச் சேர்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் அடுத்த போர்வைக்கு உதவும். ஒட்டுப்போர்வையில் தையல் ஓரம் இரண்டு நூல், அதாவது கால் அங்குலம். ரவிக்கையும் சுடிதாரும் தைத்துப் பழகியவர்களுக்கு இந்த ஓரம் மிகக் குறுகலாகத் தோன்றுவதால் கை தானாகவே சற்றுத் தள்ளித் தைக்கும். அரை நூல் தள்ளித் தைத்தாலும் ஒவ்வொரு மூட்டிலும் இருபுறமும் சேர்த்து ஒரு நூல் குறையும். ஒன்பது துண்டுக் கட்டம் ஒன்றில் குறுக்காக இரண்டு மூட்டுகள் உண்டு. அப்படி ஐந்து கட்டங்கள் கொண்ட ஒரு வரிசையில் உள்மூட்டு பத்து, இணைப்பு மூட்டு நான்கு என மொத்தம் பதினான்கு. ஆக, அந்த வரிசை 14 நூல், அதாவது 1¾ அங்குலம் குட்டையாகிவிடும். அரை நூல்தானே என்று விட்டதன் விலை இது.

சோதிக்க ஒரு வழி உண்டு. 2½ அங்குல அகலத்தில் மூன்று பட்டைகளை வெட்டி, நீளவாட்டில் இணைத்து, இஸ்திரி போட்டு அளந்து பாருங்கள். நடுப்பட்டை சரியாக 2 அங்குலமும் மொத்த அகலம் 6½ அங்குலமும் வந்தால் உங்கள் தையல் ஓரம் சரி. குறைந்தால், ஊசியிலிருந்து சரியாக இரண்டு நூல் தள்ளி மெஷின் மேசையில் ஒரு டேப்பை ஒட்டி, துணியின் ஓரத்தை அதில் உரசவிட்டுத் தையுங்கள்.

கேள்வி: திருப்பூர் பனியன் கட்டிங் துணிகளையும் சேர்த்துள்ளேன். அவை இழுபடுகின்றன. என்ன செய்வது?

பனியன் துணி பின்னல் துணி. நெசவுத் துணியைப் போல அதில் பாவும் ஊடையும் இல்லை. இரண்டையும் ஒரே கட்டத்தில் கலந்தால் பின்னல் துண்டு இழுபட்டு அலையலையாக நிற்கும். ஏற்கெனவே கலந்தாகிவிட்டது என்றால், அந்தத் துண்டுகளின் பின்புறம் மெல்லிய ஒட்டுக் கேன்வாஸை இஸ்திரியால் ஒட்டி விறைப்பாக்குங்கள். இனிமேல்தான் வெட்டப் போகிறீர்கள் என்றால், பனியன் துணிக்கென்று தனியாக ஒரு போர்வை ஒதுக்குவது மேல். நெசவுத் துணி வேண்டுவோர் திருப்பூரைவிட ஈரோட்டு ஜவுளிச் சந்தையில் தேடலாம். கோவை டவுன்ஹால் பக்கத்துக் கடைகளிலும் பாப்ளின் எளிதாகக் கிடைக்கும்.

கேள்வி: எங்கள் ஊர் வெயிலுக்கு எந்த நடுப்பஞ்சு ஏற்றது?

கரூரிலும் ஈரோட்டிலும் ஆண்டின் பெரும்பகுதிக்குத் தடித்த போர்வை பயன்படாது. வால்பாறைக்கோ நீலகிரிக்கோ அனுப்பப் போவதில்லை என்றால், மெல்லிய பருத்திப் பஞ்சுத் தாளோ, பருத்தியில் சிறிது பாலியெஸ்டர் கலந்த தாளோ போதும். முழுப் பாலியெஸ்டர் தாள் விலை குறைவு, எடையும் குறைவு; ஆனால் காற்றோட்டம் போதாது, சூடான இஸ்திரியும் அதற்கு ஆகாது.

பழைய வேட்டிகளை இரண்டு மூன்று அடுக்காக வைப்பது இந்த வட்டாரத்துக்கு மிகவும் பொருத்தமான வழி என்பது எமது கருத்து. பலமுறை துவைத்த பருத்தி வேட்டி இனிச் சுருங்காது, நகராது, ஊசிக்கும் இளகிக் கொடுக்கும். பழைய பருத்திச் சேலையும் அப்படியே.

இலவம்பஞ்சை மட்டும் வைக்காதீர்கள். பொள்ளாச்சிப் பக்கம் தலையணைக்கும் மெத்தைக்கும் அது அருமையான பஞ்சு. ஆனால் அதன் இழை குட்டையாகவும் வழுவழுப்பாகவும் இருப்பதால் தாளாகச் சேர்ந்து நிற்காது. ஒரு சலவையிலேயே மூலைக்கு ஒதுங்கித் திரண்டுவிடும். தளர்வான பருத்திப் பஞ்சைப் பரப்பித் தைப்பவர்கள் இரண்டு அங்குலத்துக்கு ஒரு தையல் வரி போட்டே ஆக வேண்டும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

கேள்வி: அடித்துணி எவ்வளவு வாங்க வேண்டும்? காடாத் துணி போதுமா?

60 × 90 அங்குலம் உள்ள ஒற்றைக் கட்டில் போர்வை என்று வைத்துக்கொள்வோம். அடுக்குத் தையல் போடும்போது துணி உள்ளிழுக்கும் என்பதால் நான்கு புறமும் நான்கு அங்குலம் கூடுதலாக விட்டு, 68 × 98 அங்குல அடித்துணி வேண்டும். 44 அங்குல அகலத் துணியில் 98 அங்குல நீளம் இரண்டு வெட்டி நடுவில் இணைக்க வேண்டும். அதற்கு 196 அங்குலம், அதாவது ஏறக்குறைய 5 மீட்டர். சுருக்கத்துக்கும் சேர்த்து 5¼ மீட்டர் வாங்குங்கள்.

பல்லடம், சோமனூர் விசைத்தறிகளில் ஓடும் காடாத் துணி தாராளமாகப் போதும். ஆனால் அதில் பாவுக்குப் போட்ட கஞ்சி அப்படியே இருக்கும். வெந்நீரில் நன்றாக அலசிச் சுருக்கிய பிறகுதான் வெட்ட வேண்டும். மூட்டே இல்லாத அடித்துணி வேண்டுவோர் சென்னிமலையின் இரட்டைக் கட்டில் பெட்ஷீட்டைப் பயன்படுத்தலாம். மெஷின் தையலுக்கு அது நன்றாக இருக்கும். கைத்தையலுக்கு நெருக்கமான கனத்த நெசவு விரலை வருத்தும்.

கேள்வி: மூன்று அடுக்கையும் சுருக்கமில்லாமல் இணைப்பது எப்படி?

வழவழப்பான வெறுந்தரை வேண்டும். பவானி ஜமுக்காளத்தின் மீது விரித்துச் செய்தால் ஊக்கு ஜமுக்காளத்தையும் சேர்த்துக் குத்திவிடும். அடித்துணியின் உட்புறம் மேலே தெரியும்படி விரித்து, ஓரங்களைத் தரையோடு டேப் போட்டு ஒட்டுங்கள். அது விறைப்பாக நிற்க வேண்டும்; இழுத்துக் கட்டியதாக இருக்கக் கூடாது. இழுத்து ஒட்டினால், டேப்பை எடுத்ததும் துணி தன் அளவுக்குத் திரும்பி மேல்துணியில் சுருக்கம் விழச் செய்யும். அதன் மேல் பஞ்சுத் தாள், அதன் மேல் மேல்துணி. ஒவ்வொன்றையும் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தடவிவிட்டு, நடுவிலிருந்தே தொடங்கி நான்கு அங்குலத்துக்கு ஒரு ஊக்குப் போடுங்கள். 60 × 90 போர்வைக்கு முந்நூறுக்கும் மேல் ஊக்குகள் தேவைப்படும். அத்தனை ஊக்குக்கு எங்கே போவது என்பவர்கள் பெரிய ஊசியில் வெள்ளை நூலைக் கோத்து, அதே நான்கு அங்குல இடைவெளியில் நீளத் தையலாகத் தற்காலிகமாகப் போட்டுக்கொள்ளலாம். கையால் அடுக்குத் தையல் போடுவோருக்கு ஊக்கைவிட இதுவே வசதி.

கேள்வி: அடுக்குத் தையலில் முதலில் எதைப் பழக வேண்டும்? பழகுவதற்கு எது நல்ல வழி?

போர்வைக்கு வாங்கிய அதே மேல்துணி, அதே பஞ்சு, அதே அடித்துணி ஆகியவற்றின் மீதத்தில் 14 அங்குலச் சதுரங்களாகச் சில அடுக்குகளை ஊக்குப் போட்டுத் தயார் செய்துகொள்ளுங்கள். ஒற்றைத் துணியிலோ காகிதத்திலோ மட்டும் பழகுவது பாதிப் பழக்கம்தான். மூன்று அடுக்கும் ஊசிக்கு அடியில் நகரும் விதமே வேறு.

முதல் சதுரத்தில் ஓர் அங்குல இடைவெளியில் நேர்கோடுகளைத் தையுங்கள். இரண்டாவதில், குறி எதுவும் போடாமல் ஓரத்திலிருந்து ஓரத்துக்கு மெல்லிய அலைக்கோடுகளைத் தையுங்கள். மூன்றாவதில் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் போடுங்கள். குறுக்குக் கோடு ஏற்கெனவே தைத்த கோட்டைக் கடக்கும் இடங்களில் துணி குவிந்து மடிகிறதா என்று பாருங்கள். அங்கேதான் குறை முதலில் தெரியும். மடிந்தால் ஊக்கின் இடைவெளியைக் குறைக்க வேண்டும், அல்லது மூன்றடுக்கையும் சேர்த்து நகர்த்தும் வாக்கிங் ஃபுட்டைப் பொருத்த வேண்டும். தையல் நீளத்தை, துண்டுகளை இணைக்கும்போது 2.5 மில்லிமீட்டரும், மூன்றடுக்கில் 3 மில்லிமீட்டரும் வையுங்கள். ஊசி 14ஆம் எண்.

பலரும் முதல் போர்வைக்கு மூட்டின் பள்ளத்திலேயே தைக்கச் சொல்வார்கள், அதுவே எளிது என்றும் சொல்வார்கள். நாம் அதை ஏற்பதில்லை. பள்ளத்திலிருந்து ஊசி அரை நூல் விலகினாலும் கண்ணுக்குத் தெரியும். வரிசை வரிசையாக அத்தனை நீளத்துக்கும் விலகாமல் தைப்பது தேர்ந்த கைக்கே கடினம். அலைக்கோட்டில் கை சற்று ஆடினால் அதுவும் இன்னோர் அலைதான். முதல் போர்வையை முடிக்க அலைக்கோடே போதுமானது, துவைத்த பிறகு பார்க்கவும் அழகாக இருக்கும்.

இவை கைவந்த பிறகே துணியை எல்லாத் திசைக்கும் நகர்த்தித் தைக்கும் சுதந்திரத் தையலுக்குப் போக வேண்டும். இதற்கு, துணியை இறுக்கிப் பிடிக்காமல் நகரவிடும் டார்னிங் ஃபுட் மாட்டி, பல்லைக் கீழே இறக்கிவிட வேண்டும். இங்கே தையலின் நீளத்தைத் தீர்மானிப்பது கையின் வேகமும் மெஷினின் வேகமும் சேர்ந்துதான். கை வேகமாகவும் மெஷின் மெதுவாகவும் போனால் தையல் நீளும். எதிர்மாறாக நடந்தால் நூல் ஒரே இடத்தில் குவியும். மெஷினை நடுத்தர வேகத்தில் சீராக ஓடவிட்டு, கையை மெதுவாக நகர்த்துவதே தொடக்கத்துக்கு ஏற்றது. காகிதத்தில் பென்சிலை எடுக்காமல் ‘ல’ எழுத்தைத் தொடர்ச்சியாக வரிவரியாக எழுதிப் பாருங்கள். பிறகு அதையே துணியில் எழுதுங்கள். மார்கழியில் சிக்குக் கோலம் போடுபவர்களுக்கு இது கூடுதல் வசதி. புள்ளியைச் சுற்றி வளைந்து, கோடு அறுபடாமல் தொடங்கிய இடத்துக்கே திரும்பும் அந்தக் கோலங்களில் எளியவற்றைச் சாக்குக்கட்டியால் புள்ளி வைத்து அப்படியே துணியில் ஓட்டலாம். நூலை வெட்டாமல் ஒரு கட்டம் முழுவதும் நிரம்பிவிடும்.

தைத்த ஒவ்வொரு சதுரத்தின் ஓரத்திலும் ஊசி எண், நூல் வகை, நூலின் இறுக்கத்தைக் காட்டும் டென்ஷன் எண் ஆகியவற்றைப் பேனாவால் எழுதி வையுங்கள். நடுவில் மெஷினை வேறொருவர் பயன்படுத்தினாலும் பழைய நிலைக்குக் கொண்டுவர அது உதவும். வேலை முடிந்த பிறகு, உள்ளே பருத்திப் பஞ்சு மட்டுமே உள்ள சதுரங்களைச் சட்டி இறக்கும் பிடிதுணியாக்கலாம். பாலியெஸ்டர் வைத்தவை அடுப்படிக்கு ஆகா, சூட்டில் உருகும்.

கேள்வி: வீட்டில் கறுப்பு மிதி மெஷின்தான் உள்ளது. அதில் முடியுமா?

தாராளமாக முடியும். துண்டுகளை இணைப்பதில் அந்த மெஷினுக்கு ஈடு சொல்வது கடினம். நேர்தையலுக்கு மட்டும் உரிய அதன் சிறிய ஊசித் துளை துணியின் முனையை உள்ளே இழுக்காது. அடுக்குத் தையலுக்கு, மேலே உள்ள திருகைச் சற்றுத் தளர்த்தி ஃபுட்டின் அழுத்தத்தைக் குறையுங்கள். சுதந்திரத் தையலுக்குப் பல்லை இறக்கும் வசதி இல்லாத மெஷினில், தையல் நீளத்தைப் பூஜ்ஜியத்தில் வைத்துப் பல்லின் மீது மெல்லிய தகட்டையோ தடித்த அட்டையையோ ஊசித் துளை விட்டு ஒட்டிக்கொள்ளலாம்.

உண்மையான சிரமம் மெஷினின் கைக்கும் ஊசிக்கும் நடுவில் உள்ள குறுகிய இடம். போர்வையின் பாதியை அங்கே சுருட்டித் திணிக்க வேண்டும். இடப்பக்கமும் பின்பக்கமும் மேசை போட்டுப் போர்வையின் எடையைத் தாங்கவிடுங்கள். தொங்கும் துணியின் எடை ஊசியை வளைத்துத் தையலைக் குட்டையாக்கும். பழக்கம் போதவில்லை என்று பலர் எண்ணிக்கொள்வது பெரும்பாலும் இந்த எடையின் வேலைதான்.

கேள்வி: அடியில் நூல் கூடு கட்டிக்கொள்கிறது. பாபினைச் சரிசெய்ய வேண்டுமா?

அடிநூல் சுற்றிய பாபினைத் தொடாதீர்கள். அடியில் கூடு கட்டுவதற்குக் காரணம் பெரும்பாலும் மேல்நூல் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவில் உட்காராததுதான். ஃபுட்டைத் தூக்கிய நிலையில் மேல்நூலை முழுவதும் எடுத்துவிட்டு மீண்டும் கோத்துவிடுங்கள். ஃபுட் இறங்கியிருக்கும்போது தட்டுகள் மூடியிருப்பதால் நூல் உள்ளே போகாது. தொடங்கும்போது அடிநூலை மேலே இழுத்து, இரண்டு நூல் முனைகளையும் பிடித்துக்கொண்டு முதல் சில தையல்களைப் போடுங்கள். ஊசியையும் மாற்றுங்கள், சுமார் எட்டு மணி நேரத் தையலுக்குப் பிறகு ஊசி முனை மழுங்கத் தொடங்கும். இவ்வளவும் செய்த பின்னும் அடிநூல் மேலே புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் மேல் டென்ஷனைச் சற்றுத் தளர்த்துங்கள்.

கேள்வி: மெஷினே வேண்டாம், கையால் தைக்கலாமா?

தைக்கலாம். மெல்லிய தையலுக்கு 9 அல்லது 10ஆம் எண் குட்டை ஊசியும், நடுவிரலுக்கு விரலுறையும், 14 அங்குல வளையமும் தேவை. முடிச்சை வெளியே விடாமல், ஊசியை ஓர் அங்குலம் தள்ளிக் குத்தி, தையல் தொடங்கும் இடத்தில் வெளியே எடுத்து, நூலைச் சுண்டி இழுத்தால் முடிச்சு மேல்துணிக்குள் புகுந்து பஞ்சில் மறையும். தையல் சிறிதாக இருக்க வேண்டும் என்பதைவிடச் சீராக இருக்க வேண்டும் என்பதே முதல் நோக்கமாக இருக்கட்டும்.

விரைவில் முடிக்க விரும்புவோருக்குப் பெரிய தையல் ஏற்றது. ஆங்கர் பெர்ல் காட்டன் 8ஆம் எண் நூலில், கால் அங்குல நீள ஓடுதையலாகப் போட்டால் நூலே அலங்காரமாக நிற்கும். பஞ்சு இல்லாமல் பழந்துணி அடுக்குகளை மட்டும் ஓடுதையலால் பிணைக்கும் மரபு நம் நாட்டில் பல இடங்களில் உண்டு. வங்காளத்தின் காந்தாவும் கர்நாடகத்துச் சித்தி மக்களின் கவந்தியும் அப்படிப்பட்டவை. கவந்தியில் ஓரத்திலிருந்து தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவை நோக்கித் தைத்துக்கொண்டே போவார்கள். துண்டுகளை ஒவ்வொன்றாக அடித்துணியின் மீது வைத்து அப்போதைக்கப்போது பிணைப்பதால் அது இயல்கிறது. முன்பே இணைத்து முடித்த மேல்துணியை அப்படித் தைத்தால் மிகுதித் துணி எல்லாம் நடுவில் வந்து குவியும். ஆகவே உங்கள் போர்வையை நடுவிலிருந்து ஓரத்துக்கே தையுங்கள்.

கேள்வி: தையல் வரிகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி விடலாம்?

பஞ்சுத் தாளின் உறையில் குறிப்பிட்ட அளவைத் தாண்டக் கூடாது. உறை இல்லையென்றால் நான்கு அங்குலத்துக்கு மேல் விட வேண்டாம். ஓரிடத்தில் நெருக்கமாகவும் மற்றோரிடத்தில் அகலமாகவும் தைத்தால் நெருக்கமான இடம் சுருங்கிப் போர்வை கோணும்.

கேள்வி: ஓரத்துக்குப் பட்டி வைப்பதில் மூலை சரியாக வருவதில்லை. எப்படிச் செய்வது?

60 × 90 போர்வையின் சுற்றளவு 300 அங்குலம். மூலைக்கும் இணைப்புக்கும் சேர்த்து 312 அங்குலப் பட்டி வேண்டும். 44 அங்குலத் துணியில், கரை ஓரம் நீக்கிய பிறகு, ஒரு பட்டைக்கு 42 அங்குலம் கிடைக்கும். ஆகவே 2½ அங்குல அகலத்தில் எட்டுப் பட்டைகள். அதற்கு 20 அங்குலத் துணி போதும். பட்டைகளைச் சாய்வாக இணைத்தால் மூட்டு ஓரிடத்தில் குவிந்து தடிக்காது. நீளவாட்டில் இரண்டாக மடித்து இஸ்திரி போட்டு, போர்வையின் முன்பக்க ஓரத்தோடு வெட்டு முனைகள் சேரும்படி வையுங்கள். ஒரு பக்கத்தின் நடுவிலிருந்து, பத்து அங்குலப் பட்டியைத் தைக்காமல் விட்டுவிட்டு, இரண்டு நூல் ஓரத்தில் தைக்கத் தொடங்குங்கள்.

மூலைக்கு இரண்டு நூல் இருக்கும்போதே நிறுத்திப் பின்தையல் போட்டு, துணியை மெஷினிலிருந்து எடுத்துவிடுங்கள். பட்டியை மேல்நோக்கி மடித்தால் மூலையில் சாய்வுக் கோடு விழும். அதை விரலால் பிடித்துக்கொண்டு, பட்டியைக் கீழ்நோக்கி மீண்டும் மடியுங்கள். மேல் மடிப்பு போர்வையின் மேல் ஓரத்தோடு சமமாக நிற்க வேண்டும். அங்கிருந்து அடுத்த பக்கத்தைத் தையுங்கள். மூலை சரியாக வராதவர்களில் பெரும்பாலோர் அந்த இரண்டு நூலை விடாமல் கடைசி வரை தைத்தவர்களே. இதையும் முதலில் ஒரு பயிற்சிச் சதுரத்தில் செய்து பாருங்கள். நான்கு மூலைகள் உள்ள சதுரம் ஒன்றே போதும்.

பட்டியைப் பின்பக்கம் திருப்பி, தையல் வரியை மறைக்கும் அளவுக்கு இழுத்து, கையால் எம்மிங் செய்யுங்கள். தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே செய்யக்கூடிய ஒரே வேலை இதுதான்.

கேள்வி: நேரமே இல்லை. கரூர்ப் பக்கத்து ஏற்றுமதி நிறுவனங்களில் கொடுத்துத் தைத்து வாங்க முடியாதா?

வீட்டு ஜவுளி ஆலைகளில் உள்ள, ஒரே நேரத்தில் பல ஊசிகள் ஓடும் மெஷின்கள், சுருளாக வரும் நீளத் துணியை ஓட்டுவதற்கானவை. கட்டங்கள் இணைத்த ஒற்றை மேல்துணி அவற்றுக்குப் பொருந்தாது. கனத்த துணி தைக்கும் தையல்காரரிடம் நேர்கோடு மட்டும் போட்டு வாங்கலாம். ஆனால் மூன்றடுக்கையும் ஊக்குப் போட்டு, கோடுகளைக் குறித்து நீங்களே கொடுப்பது நல்லது.

கேள்வி: முதல் சலவையில் சாயம் ஓடாமலிருக்க உப்பு நீரில் ஊறவைக்கலாமா?

வீடுதோறும் சொல்லப்படும் யோசனை இது; பயன் தராது. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளில் பருத்திக்கு உப்புப் போடுவது உண்மை. தொட்டியில் உள்ள சாயத்தை நீரிலிருந்து இழைக்குத் தள்ளுவதற்காக, அதுவும் சாயமேற்றும்போதே போடுவது அது. இழையோடு சாயத்தைப் பிணைப்பது சோடா உப்பு போன்ற காரம். தொட்டியில் போட்ட அந்த உப்புதான் நொய்யல் ஆற்றுக்குப் போய்ச் சேர்ந்து, கடைசியில் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூட உயர் நீதிமன்றம் உத்தரவிடும் வரை வந்தது. ஏற்கெனவே சாயமேற்றி முடித்த துணியை வீட்டில் உப்பு நீரில் போடுவதால் ஒட்டாத மிகுதிச் சாயம் நிலைபெறாது.

செய்ய வேண்டியது வேறு. மேல்துணியில் உள்ள அடர்சிவப்பு, கருநீலம், கலம்காரி, சுங்குடி ஆகிய துண்டுகள் ஒவ்வொன்றின் மீதும் ஈரமான வெள்ளைத் துணியை வைத்துச் சூடான இஸ்திரியை அழுத்திப் பாருங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால், மூன்றடுக்காக்குவதற்கு முன்பே அந்தத் துண்டை மாற்றிவிடுவது நல்லது. முடித்த பிறகுதான் தெரிந்தது என்றால், போர்வையை மடித்து ஊறவைக்காமல், நிறைய நீரில் முழுவதும் மிதக்கும்படி விட்டு, நீர் நிறமில்லாமல் வரும் வரை மாற்றி மாற்றி அலசுங்கள். சாயம் ஓடுவதைவிட, ஓடிய சாயம் பக்கத்துத் துணியின் மீது நின்று காய்வதுதான் கறையாகிறது. எனவே நடுவில் ஈரத்தோடு குவித்து வைக்கக் கூடாது. பிழியாமல் நீரை வடியவிட்டு, கொடியில் தொங்கவிடாமல், வெள்ளைத் துணி விரித்த மொட்டை மாடியில் நிழலுள்ள பக்கமாகப் பரப்பிக் காயவையுங்கள். ஈரப் போர்வையின் எடை கொடியில் தொங்கினால் புதிய தையல்களை இழுத்துவிடும்.